ஒரே பஸ்ஸில் போன இரண்டு ஞாபகங்கள்

"நாவல் எழுதிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டால் போதும், எதிரில் இருப்பவர் மூன்று கேள்விகளில் ஒன்றைக் கேட்டே தீருவார். "எப்ப முடியும்?", "எதைப் பத்தி?", "சினிமாவா எடுப்பாங்களா?" பூமணியின் 'வெக்கை' 1982-ல் வந்த நாவல். 37 வருஷம் கழித்து, 2019-ல்தான் அது 'அசுரன்' ஆனது. அதனால் மூன்றாவது கேள்விக்கு "2060-ல பார்க்கலாம்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். முதல் கேள்விக்குப் பதில் எனக்கே தெரியாது. இரண்டாவது கேள்விக்கு மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

பகலில் நான் எழுதுவதெல்லாம் 200, 300 வார்த்தைகள். மழை விடுமுறை, தங்கம் விலை, ஒரு நடிகர் போட்ட ட்வீட், அதற்கு இன்னொரு நடிகர் போட்ட பதில். டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு செய்தியின் ஆயுள் சில மணி நேரம்தான். காலையில் எழுதியதைச் சாயங்காலம் நானே தேடிப் பிடித்தால்தான் உண்டு. ஆனாலும் இந்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். "இதை உனக்கு யார் சொன்னது? அவங்க நேர்ல பார்த்தாங்களா?" என்று சீனியர்கள் கேட்டுக் கேட்டுப் பழக்கிய கேள்விதான், ராத்திரியில் நாவலைத் திறந்து உட்காரும்போதும் கூடவே வந்து உட்காருகிறது. அந்தக் கேள்வியால்தான் என் நாவல் இரண்டு வருஷமாக நான்காவது அத்தியாயத்தில் நிற்கிறது.

கதை 1982, 83-ல் நடக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம். கோழி கூவும் முன்பே ஊருக்குள் ஒரு பஸ் வரும். அதில் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் இரண்டு சிறுமிகள், அக்காவும் தங்கையும். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆபீஸ்தான். "எங்க வேலை பாக்க?" "ஆபீஸ்ல." வெளியூர்க்காரர்கள் மேஜை, நாற்காலி, ஃபேனை எல்லாம் கற்பனை செய்துகொள்வார்கள். அந்தத் தங்கை என் அம்மா. அக்கா என் பெரியம்மா.

வாசிப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஞாபகத்தை நம்பலாமா கூடாதா என்ற பஞ்சாயத்து எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் தாத்தா ஒருவர் இருந்தார். அவர் வீட்டுப் பரணில் 'பொன்னியின் செல்வன்' இருந்தது. கடையில் வாங்கிய புத்தகம் கிடையாது. 1950-ல் 'கல்கி'யில் முதன்முறை தொடராக வந்தபோது, அவருடைய அப்பா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்து வைத்தது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இப்படித்தான். இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் வீட்டிலும் அப்படி ஒன்றிரண்டு பைண்டு வால்யூம்கள் இன்னும் இருக்கும். மணியத்தின் ஓவியங்கள், அத்தியாயம் முடியும் பக்கத்துக்குப் பின்னால் பாதியில் வெட்டுப்பட்ட ஏதோ ஒரு விளம்பரம், ஓரத்தில் பூச்சி அரித்த வரி. புத்தகத்தின் வாசனையைப் பற்றி எழுதித் தள்ளிவிட்டார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது அதில் இல்லாத பக்கங்கள்தான்.

கோடிக்கரையில் பூங்குழலி படகைக் கடலில் இறக்குகிறாள். வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுபோகப் போகிறாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் வந்தியத்தேவன் இலங்கையில் இருக்கிறான். நடுவில் எத்தனை வாரம் விட்டுப்போனதோ! பத்திரிகை வரவில்லையா, யாராவது இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லையா, தெரியாது. தாத்தாவிடம் கேட்டேன். "நடுவுல என்ன நடந்துருக்கும்னு நீயே நெனச்சுக்கோ தாயி" என்றார்.

நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு 11 வயது. கடலைப் பார்த்தது கிடையாது. பார்த்த பெரிய தண்ணீரெல்லாம் ஐப்பசியில் நிரம்பும் எங்கள் ஊர்க் கண்மாய்தான். ஆகவே பூங்குழலி என் மனதில் கண்மாயில்தான் படகு ஓட்டினாள். கரையில் கருவேல மரங்கள் இருந்தன. நடுவே முங்கிப்போன மரத்தின் உச்சிக்கிளைகள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. படகு அதில் போய் முட்டியது. ஒரு பழைய கணக்கு நோட்டில் அதை எழுதியும் வைத்தேன். நான் எழுதிய முதல் அத்தியாயம் அதுதான்.

கல்லூரிக்கு வந்த பிறகு முழுப் புத்தகமும் கிடைத்தது. கல்கி எழுதிய அந்தப் பகுதியையும் படித்தேன். சுழல்காற்று, கடல், எல்லாம் பிரமாதமாக இருந்தது. ஆனால், இன்றைக்கு யாராவது பூங்குழலி என்று சொன்னால் எனக்கு முதலில் வருவது அந்தக் கருவேல மரத்துக் கிளைதான். படித்தது மறந்துபோகிறது, படிக்காதது அப்படியே நிற்கிறது.

சரி, தீப்பெட்டி ஆபீஸுக்கு வருவோம்.

தீக்குச்சி எப்படிச் செய்கிறார்கள் என்பது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கே அம்மா சொல்லித்தான் தெரியும். மரத்தைச் சீவி நறுக்கிய வெள்ளைக் குச்சிகள் குவியலாக முன்னால் கிடக்கும். பள்ளம் பள்ளமாக வெட்டிய நீளமான மரச்சட்டங்களில், ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு சட்டம் நிறைந்தால் அதன்மேல் இன்னொன்று. இப்படி அடுக்கி, இறுக்கி முடித்தால் ஒரு கட்டை. அதற்குப் பெயரே 'கட்டை அடுக்குறது'. அடுக்கிய கட்டை அடுத்த அறைக்குப் போகும். அங்கே குச்சிகளின் நுனியை மெழுகில் முக்கி, பிறகு மருந்தில் முக்குவார்கள். பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை என்று கலந்த மருந்து. சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில் தடவப்படும். குச்சியும் பெட்டியும் உரசினால்தான் தீ என்பதற்குக் காரணம் இந்தப் பிரிவினைதான். காய்ந்த பிறகு குச்சியை உருவிப் பெட்டியில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பண்டல் கட்டுவது எல்லாம் வேறு வேறு ஆட்கள். கட்டை அடுக்குவதற்குச் சின்ன விரல்கள் வசதி என்று பிள்ளைகளை வைத்தார்கள். கூலி கட்டைக் கணக்கு. எத்தனை கட்டையோ அத்தனைக்குக் காசு.

1922-ல் பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பினார்கள். மழை பொய்க்கும் பூமி, விவசாயத்தை நம்பமுடியாத ஜனங்கள், காய வைக்கத் தோதான வெயில். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியது. அந்தத் தொழில் இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் பஞ்சம் பிழைக்க எங்கோ போயிருப்பார்கள் என்பதும் உண்மை. அது பிள்ளைகளின் விரல்களின்மேல் நின்றது என்பதும் உண்மை.

அம்மா இரண்டு வருஷம் போயிருக்கிறார். 9 வயதிலும் 10 வயதிலும். 2022-ல், நாவல் யோசனை வந்த புதிதில், மொபைலில் ரெக்கார்டரைப் போட்டு அம்மா முன்னால் வைத்துவிட்டு "சொல்லும்மா" என்றேன். 47 நிமிடம் பேசினார். அதில் பாதி நேரம் சிரிப்புச் சத்தம்தான் இருக்கும்.

பஸ் வந்தால் பிள்ளைகள் தூக்கத்தோடு ஏறி ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்குவார்களாம். அம்மா எப்போதும் அக்கா மடியில். ஆபீஸில் பாட்டு, அழிப்பாங்கதை. (விடுகதையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். போட்டவர் அதை அழித்துக் காட்ட வேண்டும்.) எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த அம்மாவுக்கு அங்கே தனி மரியாதை. பண்டல் சுற்ற வரும் பழைய பேப்பரில் சினிமா செய்தி, தொடர்கதைத் துண்டு எது கிடைத்தாலும் அம்மா படித்துச் சொல்ல வேண்டும். மிச்சக் கதையை ஆளுக்கொரு விதமாக முடித்துக்கொள்வார்கள். சம்பளச் சனிக்கிழமையில் காராச்சேவு. ஒருமுறை தூக்குச்சட்டி மாறிப்போய் வேறொரு பிள்ளையின் கம்பங்கூழைக் குடித்துவிட்டு, அந்தப் பிள்ளை அழுது, இவர் அழுது, கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது.

"கஷ்டமா இல்லையாம்மா?"

"என்னத்த கஷ்டம்? பிள்ளையளோட பிள்ளையா இருந்தோம். எனக்கு அது பள்ளிக்கூடம் மாதிரிதான்."

இந்த இடத்தில் எனக்குள் இருக்கும் ரிப்போர்ட்டருக்கு நெளிய ஆரம்பித்துவிட்டது. நான் படித்ததெல்லாம் வேறு. குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் முறைப்படுத்தும் சட்டம் 1986-ல் வந்தது. தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசு வேலைகளில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. ஆனால், குடும்பத்தோடு வீட்டில் செய்தால் பரவாயில்லை என்று ஒரு ஓட்டையும் அதில் இருந்ததால், ஆபீஸில் நின்ற வேலை பெட்டி ஒட்டுவதாக வீட்டுத் திண்ணைக்கு வந்தது. 1996 டிசம்பரில், எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பூமணி 'கருவேலம் பூக்கள்' என்று ஒரு படமே இயக்கினார், தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளைப் பற்றி. பாமாவின் 'சங்கதி'யில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் மைக்கண்ணி என்கிற சிறுமி வருகிறாள். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அது ஒரு துயரம். என் அம்மாவின் 47 நிமிடம் மட்டும் திருவிழா.

எதை எழுதுவது? அம்மா சொன்னதை அப்படியே எழுதினால், "பார்த்தீங்களா, பிள்ளைகள் சந்தோஷமாத்தான் இருந்துச்சு" என்று யாராவது மேற்கோள் காட்டுவார்கள். சட்டப் புத்தகத்தில் இருப்பதை எழுதினால், அம்மாவை நானே இல்லாமல் ஆக்கியது மாதிரி இருக்கும். 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை, 14 வருஷத்துக்குப் பிறகு, ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானபோது செய்தி எழுதுவது எவ்வளவு சுலபமாக இருந்தது! விலை, தேதி, காரணம். முடிந்தது.

பெரியம்மாவிடம் கேட்கலாம் என்று தோன்றியது 2023 பொங்கலுக்குத்தான். பெரியம்மா அம்மாவைவிட நான்கு வயது மூத்தவர். கல்யாணம் ஆகும்வரை ஆபீஸுக்குப் போனவர். எழுதப் படிக்கத் தெரியாது. ரெக்கார்டரை வைத்தால் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "அத எடுத்து உள்ள வையி. நான் என்ன போலீஸ் ஸ்டேசன்லயா இருக்கேன்?" வைத்துவிட்டேன். அதனால் அவர் சொன்னது என் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அவருடைய பஸ்ஸில் பாட்டு கிடையாது. ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பிவிடும் அப்பத்தாவின் கை இருக்கிறது. தூங்கி விழும் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியது இருக்கிறது. குளிர்காலத்தில் சட்டங்களின் விளிம்பு விரல் நகத்துக்கு அடியில் ஏறும். மருந்து அறையிலிருந்து வரும் நெடியில் சாயங்காலமானால் தலை கனக்கும். கணக்குப்பிள்ளை கட்டையைத் தட்டிப் பார்த்து, குச்சி ஆடினால் அந்தக் கட்டைக்குக் கூலி இல்லை என்று தள்ளிவிடுவார்.

"அம்மா இதெல்லாம் சொல்லலியே பெரியம்மா?"

"அவளுக்கு எப்பிடித் தெரியும்? அவ எங்க கட்டை அடுக்குனா? அஞ்சு சட்டம் அடுக்குமுன்ன தூங்கிருவா. இல்லேன்னா பேப்பரப் படிச்சுக்கிட்டு இருப்பா. நான் அடுக்குன கட்டையில ரெண்ட அவ பேருல தள்ளி விடுவேன். இல்லேன்னா வீட்டுல எங்கய்யா அவள உரிச்சுப்புடுவாரே!"

நான் நோட்டை மூடிவிட்டேன். அதற்குமேல் எழுத முடியவில்லை. பெரியம்மா நிறுத்தவில்லை. அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி வீட்டில் சண்டை போட்டது அவர்தானாம். "அவளுக்குத்தான் எழுத்து வருதே" என்று. ஒரு ஆளின் கூலி குறைந்தால் ஈடுகட்ட, மத்தியானம் சாப்பிடும் நேரத்திலும் அடுக்கியிருக்கிறார். அம்மா பத்தாவது வரை படித்தார். அதனால் நான் படித்தேன். இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதில் முக்கியமான விஷயம், பெரியம்மா இதை ஒரு தியாகக் கதையாகச் சொல்லவில்லை. பல்லில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு, இட்லிக்கு மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, மிச்சத்தைச் சொன்னார். சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் வயலின் வரும்.

நினைவைப் பற்றி ஆராய்ந்த பார்ட்லெட் என்பவரைப் பற்றி அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். கேம்பிரிட்ஜில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். 1932-ல் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு சோதனை வருகிறது. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, சில நிமிடம் கழித்து, சில வாரம் கழித்து, சில மாதம் கழித்து என்று திரும்ப எழுதச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் மாறியது. மாறியது கன்னாபின்னாவென்று இல்லை. தங்களுக்குப் பழக்கமானதாக மாற்றிக்கொண்டார்கள். கதையில் வந்த பூர்வகுடிகளின் 'கனூ' சாதாரணப் படகாகியது. சீல் வேட்டைக்குப் போனவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். புரியாத ஆவிகள் மெல்லக் காணாமல்போயின. ஞாபகம் என்பது பீரோவில் மடித்து வைத்த புடவை மாதிரி இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாக நெய்து எடுத்து வருகிறோம் என்பது அவர் கண்டது. என் கண்மாய்ப் படகை நினைத்துக்கொண்டேன். ஆனால், அம்மாவின் சிரிப்பை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. அம்மா எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அக்காவின் மடியில் இருந்து பார்த்தால் அந்தப் பஸ் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

என் ஊர்க்காரர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்க மறுபடி புத்தகங்களுக்குப் போனேன். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரரான கி.ராஜநாராயணன், முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கதை எழுத வந்தார். எனக்கு இதைவிட ஆறுதலான தகவல் தமிழ் இலக்கியத்தில் இல்லை. 1976-ல் வந்த அவருடைய 'கோபல்ல கிராம'த்தில், தெலுங்கு தேசத்திலிருந்து ஜனங்கள் தப்பி வந்த கதையை மங்கத்தாயாரு அம்மாள் என்ற, நூறு வயதைத் தாண்டிய பாட்டிதான் சொல்கிறாள். அவள் சொல்வது சரித்திரமா, கட்டுக்கதையா என்று கி.ரா. பஞ்சாயத்து வைக்கவில்லை. பாட்டி சொல்கிறாள், கேளுங்கள். அவ்வளவுதான். பூமணியின் வழி வேறு. 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் வரும் 'அஞ்ஞாடி'க்காக அவர் பழைய ஆவணங்களைத் தேடித் தேடிப் படித்தார். ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய அந்த நாவல் 2012-ல் வெளிவந்து, 2014-ல் சாகித்ய அகாடமி விருதும் பெற்றது. ஒருவர் காதை நம்பினார், இன்னொருவர் காதோடு காகிதத்தையும் வைத்துக்கொண்டார். என்னிடம் காகிதமும் இருக்கிறது, காதும் இருக்கிறது. ஆனால், கி.ரா.வின் பாட்டிக்கு எதிரில் இன்னொரு பாட்டி உட்கார்ந்து "அப்பிடி இல்லடி" என்று சொல்லவில்லையே!

வார்த்தைகள் விஷயத்தில் மட்டும் கி.ரா. எனக்கு நேரடியாக உதவினார். கரிசல் வழக்குச் சொற்களுக்கு அவர் ஒரு அகராதியே தொகுத்திருக்கிறார். சென்னையில் ஆறு வருஷம் இருந்ததில் என் பேச்சு தேய்ந்துவிட்டது. 'வெள்ளனே' என்று எழுத வேண்டிய இடத்தில் விரல் தானாக 'அதிகாலையில்' என்று தட்டுகிறது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சொந்த அம்மாவின் பாஷையை எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் வார்த்தை திரும்பி வந்தால் கூடவே ஒரு பொருளும் வருகிறது. 'கடகப்பெட்டி' என்று படித்தேன், அப்பத்தா வீட்டு மூலையே வந்து நின்றது.

போன வருஷம் சித்திரைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நான்காவது அத்தியாயத்தைக் கையில் கொண்டுபோனேன். அக்கா தன் கட்டைகளைத் தங்கையின் பெயரில் தள்ளிவிடும் அத்தியாயம். பெரியம்மாவால் படிக்க முடியாது. படிக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதிவிட்டு, அவர் கையில் புத்தகமாகக் கொடுத்து "உங்களைப் பத்தித்தான்" என்று சொல்வதில் ஏதோ ஒன்று எனக்கு உறுத்தியது. அச்சில் வருவதற்குமுன் அவர் காதில் விழ வேண்டும். வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். "உங்கம்மாவும் இருக்கட்டும்" என்றார் பெரியம்மா. நான் தயங்கினேன். அம்மாவுக்கு அதுவரை தெரியாதே. "தெரிஞ்சா என்ன, நானே இன்னும் எத்தன நாளைக்கு இருக்கப்போறேன்?" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். 14 பக்கம். பெரியம்மா நடுநடுவே குறுக்கிட்டார். பஸ் டிரைவர் ஹாரன் அடிக்க மாட்டார், இன்ஜின் சத்தத்துக்கே ஊர் நாய் எல்லாம் குரைக்கும், அதுதான் ஹாரன் என்றார். குறித்துக்கொண்டேன். கணக்குப்பிள்ளை காதில் சொருகியிருந்த பென்சிலின் நிறம்கூட அவருக்கு ஞாபகம் இருந்தது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கட்டை தள்ளிவிடும் இடம் வந்தபோது முறத்தில் இருந்த உளுந்தைப் புடைப்பதை நிறுத்தினார். வாசித்து முடித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். பெரியம்மா, "போட்டும், விடு" என்றார். கால் மணி நேரம் கழித்து அம்மா காபியோடு வந்தார். முதல் டம்ளரை அக்காவிடம் கொடுத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நான் சிரிச்சேன்னு சொன்னதும் பொய் இல்ல. அதையும் எழுது" என்றார்.

எழுதினேன். ஐந்தாவது அத்தியாயம் முழுக்கத் தங்கையின் கண் வழியாக. அழிப்பாங்கதை, காராச்சேவு, தூக்குச்சட்டி எல்லாம் இருக்கிறது. நாவலைப் பொறுத்தவரை சிக்கல் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன், ஒரே பஸ்ஸை இரண்டு முறை ஓட்டினால் போதும் என்று.

ஆனால், வீட்டில் வேறு ஒன்று நடந்தது. தீபாவளிக்குப் போனபோது சித்தி மகள் அம்மாவிடம் ஆபீஸ் கதை கேட்டாள். அவளுக்கு அது எப்போதும் பிடிக்கும், அந்தத் தூக்குச்சட்டிக் கதை. அம்மா ஆரம்பித்தார். பஸ், இருட்டு, அக்கா மடி. "அக்காதான் பாவம், என் கட்டையும் சேத்து அடுக்கும்" என்றார். தூக்குச்சட்டி வரவே இல்லை. பாட்டு வரவில்லை. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். சித்தி மகள் என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவருக்கு ஏதும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை.

47 நிமிடக் கதை ஐந்து நிமிடமாகிவிட்டது. இப்போது அந்தத் திருவிழா என் மொபைலில் ஒரு ஆடியோ ஃபைலாக மட்டும்தான் இருக்கிறது. அதை லேப்டாப், பென் டிரைவ், மெயில் என்று மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று முழுதாக ஒருமுறை கேட்டேன். 31-வது நிமிடத்தில் அம்மா ஒரு அழிப்பாங்கதை போடுகிறார். நான் விடை சொல்லவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறேன். அம்மாவும் அதை அழிக்காமலே விட்டுவிட்டார். போன் செய்து விடை என்னவென்று கேட்டேன். "அப்படி ஒண்ணு போட்டேனா?" என்றார்.

"ஆடியோ இருக்கும்மா, அனுப்பவா? கேட்டா ஞாபகம் வரும்."

"இப்ப வேண்டாம். உலை கொதிக்குது" என்று வைத்துவிட்டார்.

பெரியம்மாவிடம் கேட்டேன். அவருக்கு விடை தெரிந்திருந்தது. ஆனால் போனில் சொல்ல மாட்டாராம். ஆறாவது அத்தியாயத்தை வாசித்துக் காட்ட வரும்போது சொல்கிறேன் என்றார். அதை இன்னும் நான் ஆரம்பிக்கவில்லை. ஆடியில் நான்கு நாள் லீவு கேட்டிருக்கிறேன்.